பத்து வெள்ளித் தவணையும் தளர்ந்த மனமும்: பினாங்கில் நீண்டகால இலக்குகளை மீட்டெடுத்தல்

நீண்டகால இலக்கு என்பது, அடைவதற்குப் பல ஆண்டுகள் தேவைப்படுவதும், அக்காலத்தின் பெரும்பகுதியில் கண்ணுக்குத் தெரியும் பயன் எதையும் தராததுமான நோக்கமாகும். ஓய்வுக்காலச் சேமிப்பு, சொந்த வீடு, பிள்ளைகளின் மேற்படிப்பு, பல ஆண்டுக் கடனை அடைத்து முடித்தல், வேலை பார்த்துக்கொண்டே ஒரு பட்டம் பெறுதல் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றைத் தொடங்குவோர் பலர்; நடுவழியில் நிறுத்துவோரும் பலர். நிறுத்தியவர் மீண்டும் தொடங்கத் தடையாக இருப்பது பணப் பற்றாக்குறை மட்டுமன்று. 'முன்புபோல் மனம் வரவில்லை' என்ற உணர்வும் அதில் பெரும்பங்கு வகிக்கிறது. அந்த மனம் திரும்பட்டும், பிறகு தொடங்கலாம் என்று காத்திருப்பதே இவ்விஷயத்தில் மிகப் பரவலான பிழை என்பதும், நின்றுபோன கணக்கு மறுபடியும் ஓடத் தொடங்கிய பின்னரே ஊக்கம் பெரும்பாலும் வந்து சேர்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழும் தமிழர்களின் பொருளியல் அனுபவம் இதற்குப் போதிய சான்றுகளைத் தருகிறது.

காலியான கணக்குகள்

மலேசியாவில் தனியார் துறை ஊழியர்களின் முதுமைக்காலம் பெரும்பாலும் ஒரே நிறுவனத்தை நம்பியிருக்கிறது. 1951ஆம் ஆண்டில் உருவான ஊழியர் சேமநிதி வாரியம், பேச்சுவழக்கில் இபிஎஃப், ஊழியரின் மாதச் சம்பளத்திலிருந்து 11 விழுக்காட்டையும், முதலாளியிடமிருந்து 13 விழுக்காட்டையும் (5,000 ரிங்கிட்டுக்கு மேற்பட்ட சம்பளமாயின் 12 விழுக்காட்டையும்) சந்தாவாகப் பெற்று, அதை முதலீடு செய்து, ஆண்டுதோறும் லாப ஈவை உறுப்பினரின் கணக்கில் சேர்க்கிறது. இந்த லாப ஈவு 2020இல் 5.2 விழுக்காடாகவும், 2022இல் 5.35 விழுக்காடாகவும், 2024இல் 6.3 விழுக்காடாகவும் இருந்தது. ஐம்பத்தைந்து வயதுக்கு முன்னர் வீடு, கல்வி, மருத்துவம் போன்ற வரையறுக்கப்பட்ட தேவைகளுக்கன்றி இப்பணத்தில் கைவைக்க இயலாது என்பதே பல்லாண்டுகளாக இருந்துவந்த நடைமுறை.

2020 மார்ச் 18 அன்று கோவிட்-19 பெருந்தொற்றினால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது அந்த நடைமுறை தளர்ந்தது. ஜார்ஜ் டவுன் சுற்றுப்பயணிகளை நம்பி வாழும் நகரம். தங்கும் விடுதிகள், உணவகங்கள், பயண வண்டிகள், பினாங்கு தெருவையும் பசார் தெருவையும் சுற்றியுள்ள 'லிட்டில் இந்தியா' துணிக்கடைகள் எல்லாம் ஒரே வாரத்தில் வருமானத்தை இழந்தன. அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, 2022இன் சிறப்பு மீட்பு என நான்கு திட்டங்களின் வழியாக நாடெங்கும் உறுப்பினர்கள் மீட்டெடுத்த தொகை ஏறத்தாழ 145 பில்லியன் ரிங்கிட். அரிசிக்கும் வாடகைக்கும் எடுக்கப்பட்ட பணத்தை எவரும் வீண் செலவு என்று குற்றம் சொல்ல முடியாது. ஆயினும் அதன் விளைவு கணக்குப் புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகள் சேர்த்த தொகை ஓரிரு ஆண்டுகளில் சில ஆயிரமாகச் சுருங்கியதைக் கண்ட உறுப்பினருக்கு, சேமிப்பின்மீது இருந்த நம்பிக்கையும் சேர்ந்தே சுருங்கியது.

2024 மே 11 முதல் வாரியம் உறுப்பினர் கணக்கை மூன்றாகப் பிரித்தது. வரும் சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்கும், 15 விழுக்காடு வீடு, கல்வி, மருத்துவம் முதலியவற்றுக்கான நல்வாழ்வுக் கணக்குக்கும், 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்குக்கும் செல்கின்றன. இப்போது கைப்பேசியில் வாரியத்தின் செயலியைத் திறப்பவர் இம்மூன்று இருப்புகளையும் தனித்தனியே காண்கிறார். ஓய்வுக்காலக் கணக்கின் எண் பெரிதாகவும் எட்டாததாகவும் இருக்க, நெகிழ்வுக் கணக்கின் எண் சிறிதாகவும் கைக்கெட்டுவதாகவும் இருக்கிறது; தளர்ந்த மனம் இரண்டில் எதன் பக்கம் சாயும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

தளர்ச்சியின் காரணங்கள்

ஊக்கம் குறைவதைச் சோம்பல் என்றோ ஒழுக்கக் குறைவு என்றோ விளக்குவது எளிது. ஆனால் அவ்விளக்கம் பெரும்பாலும் உண்மையைத் தொடுவதில்லை. உளவியலாளரின் ஆய்வுகளையும் இவ்வூரின் வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று காரணங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

முதலாவது, தொலைவு. அமெரிக்க உளவியலாளர் கிளார்க் ஹல் 1934இல் எலிகளை வைத்துச் செய்த ஆய்வொன்றில், உணவை நெருங்க நெருங்க அவற்றின் ஓட்டம் விரைவடைவதைக் கண்டார். இலக்குச் சரிவு எனப்படும் இந்த இயல்பு மனிதருக்கும் பொருந்தும். தொடக்கத்தின் உற்சாகமும் முடிவின் அருகாமையும் தாமாகவே உந்துதல் தருகின்றன. இரண்டுக்கும் நடுவில் உள்ள நீண்ட காலத்துக்கு அப்படி ஒரு துணை இல்லை. இருபத்தைந்து வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் நாற்பதில் தளர்வது, அவர் இலக்கிலிருந்து விலகிவிட்டார் என்பதற்கான அறிகுறியன்று; நடுப்பகுதிக்கு வந்துவிட்டார் என்பதற்கான அறிகுறியே.

இரண்டாவது, உடைந்த கணக்கு. டொரொன்டோவைச் சேர்ந்த ஜேனட் போலிவியும் பீட்டர் ஹெர்மனும் உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களை ஆராய்ந்தபோது, ஒருமுறை விதியை மீறியவர் அத்துடன் நிறுத்தாமல், கட்டுப்பாடே இல்லாதவரைக் காட்டிலும் மிகுதியாக உண்ணத் தலைப்பட்டதைக் கண்டனர். வெள்ளம் தலைக்கு மேல் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்று தமிழர் சொல்வது இம்மனநிலையைத்தான். முப்பதாயிரம் ரிங்கிட்டை எடுத்துவிட்டவருக்கு, எஞ்சிய இரண்டாயிரத்தைக் காப்பது பொருளற்றதாகத் தோன்றுகிறது. அந்த இரண்டாயிரமும் போகிறது. உண்மையில் இழப்பு முதல் மீறலோடு நின்றுவிடுவதில்லை, அதைத் தொடரும் கைவிடுதலிலும் நேர்கிறது.

மூன்றாவது, நம்பிக்கை முறிவு. இதுவே ஊக்கம் குறித்த நூல்களில் அதிகம் பேசப்படாததும் மலேசியத் தமிழரிடையே மிக ஆழமாகப் பதிந்திருப்பதுமான காரணம். 1980களில் மலேசிய இந்திய காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சியின் முன்முயற்சியில் தொடங்கப்பட்ட மைக்கா ஹோல்டிங்ஸ் நிறுவனத்தில் பல்லாயிரக்கணக்கான இந்தியக் குடும்பங்கள், அவர்களுள் தோட்டத் தொழிலாளர் பலர், 10 கோடி ரிங்கிட்டுக்கும் மேற்பட்ட சேமிப்பைப் பங்குகளாகப் போட்டன. ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின், 2010இல், ஒரு ரிங்கிட் பங்குக்கு 80 சென் என்ற விலைதான் அவர்களுக்கு முன்வைக்கப்பட்டது. இத்தகைய அனுபவத்தைக் கண்ட வீட்டில் வளர்ந்த பிள்ளை, சேமிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் தயங்குவதைச் சோம்பல் என்று சொல்ல இயலாது. அவ்வாறான தயக்கத்துக்கு ஊக்க உரைகள் மருந்தாகா. பணம் எங்கே இருக்கிறது, யார் பொறுப்பு, எப்போது எடுக்கலாம் என்ற தெளிவே மருந்து.

இவற்றோடு ஜார்ஜ் டவுனுக்கே உரிய இன்னொரு சூழலும் உண்டு. போருக்கு முந்தைய கட்டடங்களின் வாடகையை உயரவிடாமல் வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, இடைக்காலம் முடிந்து 2000ஆம் ஆண்டு தொடங்கியபோது, தலைமுறைகளாக நகரின் மையத்தில் குறைந்த வாடகைக்குக் குடியிருந்தவர்கள் வெளியேற நேர்ந்தது. 2008 ஜூலையில் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்த பின், பழைய கடைவீடுகள் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறி, விலை மேலும் ஏறியது. ஆகவே 'பிறந்த தெருவில் ஒரு வீடு' என்பதை இலக்காகக் கொண்ட குடும்பம், அது தன் உழைப்பைவிட வேகமாக விலகிச் செல்வதையே கண்டது. நகரும் இலக்கைத் துரத்துகிறவர் தளர்வது இயல்பு.

ஒரு தோட்டத்தைப் பத்து வெள்ளியாகப் பிரித்தவர்

நெடுந்தொலைவு இலக்கொன்றை எளிய மனிதர்களின் கைக்கு எட்டும்படி செய்ததற்கு மலேசியத் தமிழர் வரலாற்றிலேயே ஒரு தெளிவான முன்னுதாரணம் இருக்கிறது. 1950களில் ஐரோப்பிய முதலாளிகள் பலர் தங்கள் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டு நாடு திரும்பத் தலைப்பட்டனர். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி விற்றனர். இதுவே தோட்டத் துண்டாடல் எனப்பட்டது. துண்டான நிலத்தில் பழைய தொழிலாளருக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவருக்குத் தோட்டத்தின் லயன் வீடும் இல்லை. தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்தவர்கள் ஒரே நாளில் வேலையையும் கூரையையும் இழந்தனர்.

அப்போது ம.இ.கா.வின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ.தி. சம்பந்தன், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டங்களை வாங்க வேண்டும் என்ற எண்ணத்துடன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். ஒரு பங்கின் விலை, அன்றைய நாணயத்தில், 100 வெள்ளி; அதைப் பத்துப் பத்து வெள்ளியாகத் தவணையில் செலுத்தலாம். தோட்டம் தோட்டமாகச் சென்று அவரே தொழிலாளரிடம் பேசினார். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் பினாங்குக்கு அண்டையிலுள்ள கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம்.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைக் கூர்ந்து பார்ப்பது பயன் தரும். 'ஒரு தோட்டத்தை வாங்குங்கள்' என்று பால்மரம் வெட்டும் தொழிலாளியிடம் சொல்லியிருந்தால் அது கேலியாகத்தான் ஒலித்திருக்கும். 'நூறு வெள்ளி கொடுங்கள்' என்றாலும் இயலாத காரியம்தான். 'இந்த மாதம் பத்து வெள்ளி' என்பது மட்டுமே, கடினமானதாயினும், செய்யக்கூடியது. இலக்கு பெரிதாகவே இருந்தது. செயலின் அலகு சிறிதாக்கப்பட்டது. மேலும் பத்தாவது தவணை முடிந்ததும் பங்கு முழுமையடைந்துவிடுவதால், பல்லாண்டு நீளும் திட்டத்துக்குள்ளேயே ஓராண்டுக்குள் எட்டக்கூடிய ஒரு முடிவும் அமைந்தது. இவை இரண்டையும்விட முக்கியமானது, வாங்கிய நிலம் கண்ணுக்குத் தெரிந்தது என்பது. தான் கொடுத்த பணம் எங்கே போயிற்று என்று கேட்பவருக்கு, மரங்களோடு நிற்கும் ஒரு தோட்டத்தைக் காட்ட முடிந்தது. சங்கம் இன்றும் இயங்குகிறது. கோலாலம்பூரிலுள்ள அதன் தலைமையகக் கட்டடம் அவர் பெயரையே தாங்கியுள்ளது.

மீண்டும் தொடங்கும் முறைகள்

முதல் பணி, இன்றைய இருப்பிலிருந்து புதிதாகக் கணக்குப் போடுவது. இழந்த தொகையோடு ஒப்பிட்டுக்கொண்டே இருப்பவர் எவ்வளவு சேர்த்தாலும் பின்தங்கியவராகவே தம்மை உணர்வார். ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். முப்பத்தைந்து வயதில் மாதம் 3,000 ரிங்கிட் சம்பளம் பெறும் ஓர் ஊழியரின் சேமநிதியில், மீட்புகளுக்குப் பின் 5,000 ரிங்கிட் மட்டுமே எஞ்சியிருப்பதாகக் கொள்வோம். அவரும் முதலாளியும் சேர்ந்து மாதம் செலுத்தும் சந்தா 720 ரிங்கிட். சம்பளம் ஒருபோதும் உயரவில்லை, லாப ஈவு ஆண்டுக்கு 5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலும், ஐம்பத்தைந்தாம் வயதில் அவர் கணக்கில் ஏறத்தாழ 3 லட்சம் ரிங்கிட் இருக்கும். அதில் சந்தாவாகச் சென்றது 1,72,800 ரிங்கிட். மீதியின் பெரும்பகுதி லாப ஈவு. 'எல்லாம் போய்விட்டது' என்று எண்ணிய மனிதருக்கு இருபது ஆண்டுக் காலம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்பதைச் சொற்களைவிட இந்தக் கணக்கு நன்றாகச் சொல்கிறது.

இதே கணக்கை இன்னொரு வகையிலும் போடலாம். நெகிழ்வுக் கணக்கில் மாதந்தோறும் சேரும் 72 ரிங்கிட்டை அவர் அவ்வப்போது எடுத்துச் செலவழித்துவிட்டால், ஐம்பத்தைந்தில் குறையும் தொகை ஏறத்தாழ 29,000 ரிங்கிட். நெருக்கடியில் அதை எடுப்பது தவறன்று. அதற்காகவே அக்கணக்கு உள்ளது. கைப்பேசியில் எண் தெரிகிறது என்பதற்காக எடுப்பதன் விலை இவ்வளவு என்பதை அறிந்து எடுப்பதே முறை.

இரண்டாவது பணி, எதைப் பார்ப்பது என்பதைத் தேர்ந்துகொள்வது. மின்ஜுங் கூ, அயலெட் ஃபிஷ்பாக் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு, தொடக்கத்தில் இருப்பவர் இதுவரை சேர்ந்த சிறு தொகையையும், முடிவை நெருங்கியவர் எஞ்சியுள்ள சிறு தொகையையும் பார்ப்பது ஊக்கத்தை வளர்க்கும் என்கிறது. எப்போதும் இரண்டில் சிறியதையே நோக்க வேண்டும் என்பது அதன் சாரம். வீட்டு முன்பணத்துக்கு 40,000 ரிங்கிட் தேவைப்படும் ஒருவர், முதல் ஓராண்டில் 'இன்னும் 38,000' என்று எண்ணாமல் '2,000 சேர்ந்துவிட்டது' என்று எண்ணுவதும், கடைசி ஆண்டில் அதை மாற்றிக்கொண்டு 'இன்னும் 3,000தான்' என்று எண்ணுவதும் இதன்படி சரி.

மூன்றாவது பணி, மனத்தின் அனுமதியைக் கேட்காமலே பணம் ஒதுங்கும்படி செய்வது. இதற்குத் தமிழ் வணிக மரபில் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. பினாங்கு தெருவில் தொழில் நடத்திய நகரத்தார், வரவில் ஒரு சிறு பங்கைக் கோயிலுக்கும் அறத்துக்கும் மகமையாக முதலிலேயே ஒதுக்கிவைத்தனர். ஆண்டு முடிவில் மிஞ்சினால் கொடுப்போம் என்ற ஏற்பாடாக அது இருக்கவில்லை. கணக்கு எழுதும்போதே பிரிந்துவிடும் தொகையாக இருந்தது. தண்ணீர்மலைச் சாலையிலுள்ள நகரத்தார் கோயிலும், தைப்பூசத்தில் வீதி உலா வரும் வெள்ளி ரதமும் அச்சமூகத்தின் கூட்டுக் கொடையால் நிலைத்தவை. சம்பள நாளன்றே வங்கி தானாக ஒரு தொகையை வேறு கணக்குக்கு மாற்றும்படி நிலையான உத்தரவு கொடுப்பது இதே முறையின் இக்கால வடிவம். பொருளியலாளர் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் 2004இல் விவரித்த திட்டமொன்றில், அடுத்த சம்பள உயர்விலிருந்து ஒரு பங்கைச் சேமிப்பதாக முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஊழியர்களின் சேமிப்பு வீதம், நாற்பது மாதங்களில் 3.5 விழுக்காட்டிலிருந்து 13.6 விழுக்காடாக உயர்ந்தது. கையில் இருக்கும் பணத்தைக் குறைத்துக்கொள்ளவே மனம் மறுக்கிறது. இன்னும் வராத பணத்தைப் பங்கிட அது எளிதில் இசைகிறது.

சம்பள ஊழியர் அல்லாதோருக்கு, அதாவது நாசி கண்டார் கடை நடத்துவோர், பூக்கட்டி விற்போர், வாடகை வண்டி ஓட்டுவோர் போன்றோருக்கு, வாரியத்தின் ஐ-சாரான் திட்டம் பொருத்தமானது. சொந்தத் தொழில் செய்பவர் விருப்பச் சந்தாவாகச் செலுத்தும் தொகையில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரையிலும் வாழ்நாளில் 5,000 ரிங்கிட் வரையிலும், அரசாங்கம் தன் பங்காகச் சேர்க்கிறது. ஆண்டுக்கு 2,500 ரிங்கிட், அதாவது மாதத்துக்கு 210 ரிங்கிட்டுக்கும் குறைவாகச் செலுத்துபவர் அந்த முழு உதவியையும் பெறுகிறார். கடையின் கல்லாவை நாள்தோறும் எண்ணுபவருக்கு இது ஒரு நாளைக்கு ஏழு ரிங்கிட் கணக்கு.

நான்காவது பணி, நாளும் இடமும் குறித்துத் தீர்மானிப்பது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் காட்டியபடி, 'இனிச் சேமிப்பேன்' என்ற பொதுவான உறுதியைவிட, 'இன்ன நாள் வந்ததும் இன்ன இடத்தில் இன்னது செய்வேன்' என்ற நிபந்தனை உறுதி அதிகம் நிறைவேறுகிறது. தைப்பூசத்துக்கு நேர்ந்துகொள்பவர் 'இயன்றபோது விரதம் இருப்பேன்' என்று நேர்ந்துகொள்வதில்லை. விரதத்தின் தொடக்கம், முடிவு, எடுக்கப்போகும் காவடி எல்லாம் முதலிலேயே உறுதியாகிவிடுகின்றன, வீட்டாரும் அறிந்திருக்கிறார்கள். பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஆண்டுதோறும் அத்தனை பேர் விரதம் முடித்து வந்து சேர்வதில் பக்திக்கு உள்ள பங்கு பெரிது. நாள் குறித்த ஏற்பாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. புது வாரம், புது மாதம், புத்தாண்டு, பிறந்தநாள் போன்ற தொடக்க நாள்களில் மக்கள் புதிய முயற்சிகளைத் தொடங்க முற்படுவதையும் 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு உறுதிசெய்கிறது. புதிய தொடக்கத்தின் விளைவு என்று அதற்குப் பெயர். அத்தகைய நாள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, வந்தால் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஐந்தாவது, துணை. மலேசியத் தமிழர் 'கூட்டு' என்று சொல்லும் சீட்டு முறையில், பன்னிருவர் மாதம் 200 ரிங்கிட் போட்டால், மாதம் ஒருவராக 2,400 ரிங்கிட்டை எடுத்துக்கொள்வர். ஏமாற்றுகள் பெருகியதால் 1971இலேயே சட்டம் இதைத் தடைசெய்தது. சட்டத்துக்கு மாறானது என்பதோடு, கூட்டுப் பிடிப்பவர் ஓடிவிட்டால் கேட்க நாதியும் இல்லை. ஆயினும் தனியாகச் சேமிக்க முடியாதவர்கள்கூட கூட்டுக்குப் பணம் தவறாமல் கட்டியதற்குக் காரணம், மற்றப் பதினொருவரும் காத்திருக்கிறார்கள் என்ற உணர்வு. பணத்தை அவரவர் பெயரிலேயே வைத்துக்கொண்டு, அந்த உணர்வை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: அக்கா தங்கையோ, வேலையிட நண்பர் இருவரோ மாதத்துக்கு ஒருநாள் ஒருவருக்கொருவர் கணக்கைக் காட்டுவது போதும்.

கடைசியாக, இடையில் ஒரு மாதம் தவறினால் என்ன செய்வது என்பதை முன்னதாகவே முடிவு செய்துகொள்வது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஃபிலிப்பா லாலி குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை என்பதே அதன் மிக ஆறுதலான முடிவு. தவறிய மாதத்தை ஈடுகட்ட அடுத்த மாதம் இருமடங்கு செலுத்த முனைவது மீண்டும் முறிவுக்கே வழிவகுக்கும். வழக்கமான தொகையை வழக்கமான நாளில் செலுத்துவதே போதுமான திருத்தம்.

ஊக்கம் தீர்க்காதவை

இவ்வளவு சொன்ன பின்னும் ஓர் எல்லையைக் குறிப்பிடாமல் விடுவது நேர்மையாகாது. மேலே கண்ட எடுத்துக்காட்டில் சம்பளம் 3,000 ரிங்கிட்டுக்குப் பதிலாக, 2025 பிப்ரவரி முதல் நடப்பிலுள்ள குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டாக இருந்தால், அதே இருபது ஆண்டுகளின் முடிவில் சேர்வது ஏறத்தாழ 1,79,000 ரிங்கிட்தான். வாரியம் முன்பு அடிப்படைச் சேமிப்பாக வகுத்திருந்த 2,40,000 ரிங்கிட்டை அது எட்டாது. 2026 முதல் படிப்படியாக நடப்புக்கு வரும் புதிய வரையறையான 3,90,000 ரிங்கிட்டுக்கு அது பாதிகூட ஆகாது. அந்த ஊழியரிடம் குறைவாக இருப்பது ஊக்கம் அன்று, சம்பளம். அவரை நோக்கிச் சிக்கனம் பேசுவதைவிட, தொழில் திறன் பயிற்சியும் ஊதிய உயர்வும் பேசுவதே பொருத்தம். அவருடைய நீண்டகால இலக்கும் சேமிப்பிலிருந்து தொடங்குவதைவிட, வருமானத்தை உயர்த்தும் ஒரு சான்றிதழிலிருந்து தொடங்குவது நல்லது.

கடனில் இருப்பவருக்கு வரிசை வேறு. ஜார்ஜ் டவுன் அடகுக் கடை ஒன்றின் சீட்டை எடுத்துப் பார்த்தால், சங்கிலியின் எடை, கொடுத்த தொகை, மீட்க வேண்டிய கெடு ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். சட்டப்படி அடகு வட்டி மாதத்துக்கு 2 விழுக்காடு வரை, கெடு ஆறு மாதம். 3,000 ரிங்கிட்டுக்கு வைத்த தாலிச் சங்கிலியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி மட்டும் கட்டிப் புதுப்பித்து வருபவர், ஆண்டுக்கு 720 ரிங்கிட் கட்டியும் அசலில் ஒரு சென்னும் குறைவதில்லை. ஆண்டுக்கு 24 விழுக்காடு வட்டி கட்டிக்கொண்டே 6 விழுக்காடு லாப ஈவுக்கு விருப்பச் சேமிப்புச் செய்வது கணக்குக்கு ஒவ்வாது. அவருடைய முதல் நீண்டகால இலக்கு அந்தச் சீட்டை மீட்பதாகவே இருக்க வேண்டும். பல கடன்களில் சிக்கியவர்கள் வட்டி முதலைகளிடம் போவதற்கு முன், 2006இல் பேங்க் நெகாரா அமைத்த கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகேயை நாடுவது நல்லது. அதன் ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை, வங்கிக் கடன்களின் தவணையை மறுசீரமைக்க அது வங்கிகளுடன் பேசவும் செய்கிறது.

இலக்கையே மாற்ற வேண்டிய தருணமும் உண்டு. நகரின் மையத்தில் வீடு என்ற கனவு எட்டாதெனத் தெளிவானால், பெருநிலத்தின் செபராங் பிறையில் ஒரு வீடு என்று அதைத் திருத்திக்கொள்வது தோல்வியன்று. இலக்கைத் திருத்துவதற்கும் கைவிடுவதற்கும் உள்ள வேறுபாடு எளியது: திருத்தியவரின் மாதத் தவணை தொடர்கிறது, கைவிட்டவருடையது நின்றுவிடுகிறது.

ஆகவே, நின்றுபோன சேமிப்போ பாதியில் விட்ட படிப்போ உள்ள வாசகர்கள், மனம் தயாராகும் நாளை எதிர்பார்த்திருக்க வேண்டாம். இந்த வாரத்துக்குள் கணக்கைத் திறந்து இன்றைய இருப்பை ஒரு தாளில் எழுதி, வருத்தமின்றிச் செலுத்தக்கூடிய மிகச் சிறிய மாதத் தொகை ஒன்றை முடிவு செய்து, அடுத்த சம்பள நாளிலேயே அது தானாகப் பிரியும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுவது நல்லது. படிப்பாயின், பதிவுக் கட்டணம் எவ்வளவு, அடுத்த சேர்க்கை எப்போது என்று கேட்டுக் குறித்துக்கொள்வது போதும். தொகை பத்து வெள்ளியாக இருந்தாலும் குறைவில்லை. தோட்டங்கள் வாங்கப்பட்டதும் அந்தத் தொகையில்தான்.